சுடாத கால்

எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளையைப் புகழ வேண்டுமென்றால் அவன் மூளையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். உடம்பைப் பற்றித்தான் பேசுவார்கள். அதிலும் என் வீட்டுக்காரர் பேச்சு வந்துவிட்டால் டீக்கடையில் டீ ஆறிப்போகும். "இரும்பு ஒடம்புய்யா அது. மாத்திரை வட்டமா இருக்குமா சதுரமா இருக்குமான்னு கேப்பான்" என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ கொல்லன் பட்டறையில் உட்கார்ந்து அந்த உடம்பை அவரே அடித்துச் செய்த மாதிரி ஒரு பெருமை.

நல்ல உடம்புதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒரு முறை கரும்பு வெட்டும்போது கத்தி முழங்காலுக்குக் கீழே இறங்கி எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, லாரியில் லோடு ஏறி முடியும்வரை நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அந்தத் தழும்பு இப்போது தேடினால்தான் கிடைக்கும். இன்னொரு முறை புளியமரத்திலிருந்து விழுந்தார். விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டு எழுந்து வந்து சோறு கேட்டார். மாரியம்மன் திருவிழாவில் முதுகுத் தோலில் கொக்கி மாட்டிக்கொண்டு டிராக்டரை இழுத்திருக்கிறார். எங்கள் பக்கம் அதைச் செடல் என்போம். வாரம் திரும்புவதற்குள் அந்த ஓட்டைகளெல்லாம் மூடிக்கொள்ளும். உடம்பு எவ்வளவு பொறுமையான ஜென்மம் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். ஒரு முட்டாளிடம் மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தும் விட்டுவிட்டுப் போகாமல் கூடவே கிடக்கிறது. என்னைப் போல.

நானும்தான் பிள்ளை பெற்றேன். இரண்டாவதற்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். தையல் காய்வதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். இரும்பு உடம்பு என்று மாலை போட யாரும் வரவில்லை. போகட்டும்.

அவருக்கு மாலை விழுந்தது திரௌபதி அம்மன் கோயில் தீமிதியில். அதில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். காப்பு கட்டிய நாளிலிருந்து சுத்தமாக இருந்தவன் காலைத் தீ சுடாது. சுட்டால் அவன் விரதத்தில் எங்கேயோ குறை. கவிச்சி தின்றிருப்பான், இல்லாவிட்டால் பெண்டாட்டி பக்கம் போயிருப்பான். அதனால் கொப்புளம் வந்தவன் அதைக் காட்ட மாட்டான். குழிக்கு அந்தப் பக்கம் பால் ஊற்றிய பள்ளத்தில் காலை நனைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சிரிப்பான். மறுநாள் ஊரில் பாதி ஆம்பிளைகள் நொண்டுவார்கள். கேட்டால் முள் குத்திவிட்டது என்பார்கள். ஒரே நாளில் அத்தனை பேருக்கும் முள் குத்துகிற ஊர் உலகத்திலேயே எங்கள் ஊராகத்தான் இருக்கும். பெண்டாட்டிமார்கள் வீட்டுக்குள் வைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு வாயை மூடிக்கொள்வோம். வெளியே தெரிந்தால் எங்கள் மானமும் சேர்ந்துதானே போகும்.

அம்மன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் பாட்டுக்கு அவள் இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் அவளைச் சாட்சிக்கு இழுக்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது.

அந்த வருஷம் முழுவதும் அவர் மெலிந்துகொண்டே வந்தார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். வேலியோரம் அவர் ஒண்ணுக்குப் போகிற இடத்தில் எறும்பு மொய்த்தது.

"ஏங்க, கள்ளக்குறிச்சிக்குப் போயி சுகர் பாத்துக்கினு வாங்க" என்றேன்.

"சுகர்லாம் உக்காந்துக்கினு துன்றவனுக்கு வர்றதுடி. பாடுபடற ஒடம்புக்கு எங்க வருது?" என்றார்.

ஒரு சாயங்காலம் வயலிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றார். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு அவரே ஆச்சரியப்பட்டார். வரப்பிலிருந்து வீடு வரைக்கும் ஒரு கால் வெறுங்காலாக, கல்லிலும் நெருஞ்சியிலும் நடந்து வந்தது அவருக்குத் தெரியவில்லை. வீடே சிரித்தது. எல்லோரையும்விட அவர்தான் சத்தமாகச் சிரித்தார். காலில் தோல் காய்த்துப்போய்விட்டது, இனிமேல் செருப்புச் செலவு மிச்சம் என்றார்.

தீமிதி அன்று மற்றவர்கள் கழுத்தில் மாலையோடு குழிக்குள் இறங்கி ஓடினார்கள். ஓடத்தானே வேண்டும், நெருப்பாயிற்றே. இவர் நடந்தார். நடந்ததோடு விட்டாரா, நடுக்குழியில் நின்று கோயில் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பம்பைச் சத்தமும் கூட்டத்தின் சத்தமும் சேர்ந்து காது அடைத்துப்போயிற்று. மைக்கில் அவர் பெயரைச் சொன்னார்கள். பொம்பளைகள் அவர் காலில் விழுந்தார்கள். பொய் சொல்லக் கூடாது, எனக்குமே ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்தது.

வீட்டுக்கு வந்ததும், "சுடலீங்களா?" என்று கேட்டேன்.

"பூ மேல நடக்கற மாதிரி இருந்துச்சுடி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னைக் கட்டிக்கொண்ட அன்றுகூட அந்தக் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

சில நாள் கழித்து வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறதென்று பரண், நெல் மூட்டைச் சந்து எல்லாம் தேடினேன். நாற்றம் கட்டிலில் படுத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தது. காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து குழியாகியிருந்தது. உள்ளே கரித்தூள் அப்படியே இருந்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்துப்போயிருந்தன.

"வலிக்கலியா?"

"இல்லியே."

இல்லியே என்பதைச் சந்தோஷமாகச் சொன்னார்! பிறகுதான் அவருக்கு உறைத்தது. வலி இல்லாதது இல்லை, கொப்புளம் வந்ததுதான் உறைத்தது. நடுக்குழியில் நின்று கும்பிட்ட மனிதனுக்குக் கொப்புளம் வந்தது ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆவது? ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றார். கள்ளக்குறிச்சியில் ஊர்க்காரன் எவனாவது பார்த்துவிடுவானாம். கால் அழுகுவது பரவாயில்லை, மாலை வாடக் கூடாது.

அப்புறம் மலைக்குப் போகலாம் என்றார். எங்கள் கீழ்நாட்டு ஆட்களுக்குக் கல்வராயன் மலை என்றால் ஒரு மயக்கம். மலைக்காரன் சாமையும் தினையும் தின்கிறான், அவனுக்கு நோய் வராது, அவன் பிடுங்கித் தருகிற இலை எல்லாவற்றையும் ஆற்றும் என்று அடித்துச் சொல்வார்கள். சொல்கிற எவனும் ஒரு நாள் சாமைச் சோறு தின்றிருக்க மாட்டான். வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் என் குடல் வாய்க்கு வந்துவிட்டுப் போயிற்று. காலைத் துணியால் சுற்றி, மேலே பாலிதீன் பை கட்டியிருந்தேன். அப்படியும் எங்களுக்கு முன்சீட்டில் உட்கார்ந்தவர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் இருந்தார் வைத்தியர். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டிருந்தார். காலைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஏதோ பச்சிலையை அரைத்து வைத்துக் கட்டினார். "ஆறலைனா கீழ பெரியாஸ்பத்திரில காட்டிடுங்க" என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் காதில் அது விழவில்லை. அவருக்கு வேண்டியது மட்டும் விழுகிற காது அது.

திரும்புகிற பஸ்ஸில் அதே வைத்தியரும் ஏறினார், கையில் ஒரு மஞ்சள் பையோடு. என் வீட்டுக்காரர் நகர்ந்து மரியாதையாக இடம் கொடுத்தார்.

"எங்கங்க, மருந்துக்குச் சாமான் வாங்கவா?"

"இல்லிங்க, பெரியாஸ்பத்திரிக்கு. எனக்கு சுகரு. மாத்திரை தீந்துபோச்சு."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நாங்கள் இலை தேடி மலை ஏறினோம், இலைக்காரர் மாத்திரை தேடி மலை இறங்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்குப் புத்தி இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் கச்சிராயபாளையம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து வைத்தியர் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டிராக்டரையே இழுத்தவர் என்னை எதிர்த்து இழுக்கவில்லை.

அங்கே ஒரு டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"தீயில நிக்கும்போது எரியலையா?" என்றார் டாக்டரம்மா.

"துளிகூட இல்லிங்க." அங்கே, அந்த நாற்றத்திலும் இவர் குரலில் பெருமை.

"செருப்பு கழண்டு விழுந்தா தெரியுதா?"

இவர் குனிந்து காலைப் பார்த்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஒற்றைச் செருப்போடு வந்து நின்றதையும் நானே சொன்னேன்.

"ரொம்ப நாளா சுகர் இருந்திருக்கு. கால் நரம்பெல்லாம் செத்துப்போச்சுங்க. எரியுதுன்னு காலால சொல்ல முடியல, அவ்ளோதான். விரலோட நிக்குமா, முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டி வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

ஊரே விழுந்து கும்பிட்ட அருள் அதுதான். செத்த நரம்பு.

வார்டில் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோபம் தீரவில்லை. அவர்மேல், மைக்கில் கத்தினவன்மேல், காலில் விழுந்தவர்கள்மேல். ஆனால் அடியில் இருந்தது பயம். இந்த மனிதருக்கு உடம்பைத் தவிர வேறு எதுவும் கிடையாது. படிப்பு கிடையாது, பேச்சுச் சாமர்த்தியம் கிடையாது. அந்தக் காலையும் எடுத்துவிட்டால் அவர் எதை வைத்துக்கொண்டு இருப்பார்? அவர் தூங்கும்போது அந்த முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது.

விரல்கள் போயின. கால் தங்கிவிட்டது. அதன் பிறகு அந்த உடம்பு செய்த வேலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்ததும், குழியாகக் கிடந்த இடத்தில் சிவப்பாகச் சதை ஏறியது. கட்டுக் கட்ட வந்த நர்ஸம்மாவே, "ஒடம்பு நல்லா கூடி வருதுங்க" என்றார். இவ்வளவு அவமானப்படுத்தியும் அது இன்னும் இவருக்காக உழைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. இந்த ஆளுக்கு இப்படி ஒரு உடம்பு தகாது என்றும் தோன்றியது.

பார்க்க வந்தவர்கள் டாக்டரம்மா பேச்சை எடுக்கவில்லை. "அம்மா கால மீட்டுக் குடுத்துட்டா" என்றார்கள். "விரல மட்டும் காணிக்கையா எடுத்துக்கினா" என்றார் ஒருவர். கொப்புளம் வந்தால் குறை, விரலே போனால் காணிக்கை. எந்தப் பக்கம் போட்டாலும் இவர்களுக்குக் கணக்கு நேராகிவிடும். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் ஆப்பிள் பையோடு வந்து, "அடுத்த வருசமும் நீதாம்பா மொதல்ல எறங்கணும்" என்றார்.

"எறங்கட்டும். நீங்க உள்ள படுத்துக்குங்க, ஒங்க மேல நடந்து வரட்டும்" என்றேன்.

ஆப்பிளை வைத்துவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். அந்த முறைப்பைப் பார்த்ததும் தேறிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அந்த இன்னொரு காலைக் கண்ணைப்போலப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதனால் தினமும் காலையில் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, துடைப்பக் குச்சி நுனியால் விரல்விரலாகத் தொட்டுக் கேட்கிறேன். ஒவ்வொன்றுக்கும் தெரியுது தெரியுது என்பார். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் அடுப்படிக்கே போவேன். இந்தக் கால் தப்பித்தது என்று ஒரு தைரியம்.

நேற்று அவர் பதில் கொஞ்சம் சீக்கிரமாக வருகிற மாதிரி இருந்தது. குச்சியை என் மடியில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"தெரியுதா?"

"ம். கட்டைவிரல்லதான வெக்கிற, நல்லா தெரியுது" என்றார், கண்ணைத் திறக்காமல்.