ஊதா விளக்கில் ஒரு கீரைக்காரர்

முப்பது வருடம் சுங்கத்துறையில் அடுத்தவர் பெட்டியைக் குடைந்த அபூ பராக், ஓய்வு பெற்றதும் தன் குவைத் வீட்டு வரவேற்பறையில் கீரை வளர்க்கக் கிளம்பினார். மண் கிடையாது. குழாயில் ஓடும் தண்ணீர், மேலே அணையாத ஊதா விளக்கு. காரமான ஜர்ஜீர் கீரை காடாக மண்டியது.

வந்தவர் ஒரு பொருளைப் புகழ்ந்துவிட்டால் அதை அவர் கையில் கொடுத்துவிடுவதுதான் எங்கள் குவைத் மரியாதை. பக்கத்து வீட்டு அபூ ஃபலாஹ் தினமும் வந்து, "மாஷா அல்லாஹ், என்னா கீரை!" என்பார், கட்டுக்கட்டாக அள்ளிப்போவார்.

பொறுத்துப் பார்த்த அபூ பராக், ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் அவருடைய செல்லக் கிளியைப் புகழ்ந்து தள்ளினார்.

அபூ ஃபலாஹின் முகம் தொங்கிப்போனது. "எடுத்துக்கய்யா, உன்னோடதுதான்."

ஊதா வெளிச்சத்தில் கிளி தூங்கவே மறுத்தது. ஓயாமல் கத்தியது, கத்தாத நேரத்தில் கூண்டைத் திறந்துகொண்டு வந்து கீரையைத் தின்றது.

அடுத்த முறை அபூ ஃபலாஹ் வந்ததும், கண் சிவந்த அபூ பராக் கூண்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "இதப் பத்தி ஒரே ஒரு நல்ல வார்த்த சொல்லுய்யா!"

அவர் கிளியை ஏற இறங்கப் பார்த்தார்.

"சகிக்கல," என்றார். "ஆனா அது தின்னது போக மிச்சம் இருக்கே, மாஷா அல்லாஹ், என்னா கீரை!"