மச்சாள் திரும்பி வரும்வரை

மடிக்கணினியை வயிற்றின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு புத்தூர் வீட்டுக் கட்டிலில் கிடந்த மச்சாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். உள்ளே குழந்தை உதைக்கும்போது கறுப்புத் திரையும் ஆடும். மச்சாள் என் கணவரின் தங்கை; அவளும் என்னை மச்சாள் என்றே கூப்பிடுவாள். நெல்லியடியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். பிள்ளைப்பேற்று விடுமுறையில் தன் இடத்துக்கு வெளியாள் வந்தால், சட்டம் என்ன சொன்னாலும், அது திரும்பக் கிடைக்காது என்று பயந்தாள். அதனால் தட்டச்சு மட்டுமே தெரிந்து வீட்டில் இருந்த என்னைப் பிடித்தாள்; முதலாளியையும் சம்மதிக்க வைத்தாள். அவளுக்கு வலி வருவதற்குள் நான் சேர்வர்களை இயக்கும் லினக்ஸ் கட்டளைகளைப் படித்தாக வேண்டும்.

“எல்லாம் படிக்க நேரமில்லை மச்சாள். எங்கை நிக்கிறம், அங்கை என்ன கிடக்கு, எப்பிடி வேறை இடம் போறது. இது தெரிஞ்சால் சமாளிக்கலாம்” என்றாள். அப்படித்தான் pwd, ls, cd மூன்றும் எனக்குப் பழக்கமாயின. பிறகு ஒரு செயலியை நிறுவச் சொன்னாள். தொடரலாமா என்று கணினி கேட்டது. நான் வேண்டாம் என்று தட்டினேன். வேலை அப்படியே நின்றுவிட்டது. “ஏன் மச்சாள்?” என்றாள். “கேட்ட உடனை ஓம் எண்டு சொல்லலாமோ?” என்றேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. வற்புறுத்திய பிறகே வாங்குவோம். மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உவன் கணினி, உபசரிக்கமாட்டான் மச்சாள், ஒருக்கால்தான் கேப்பான். rm எண்டு தட்டினால் அதுகூடக் கேக்கமாட்டான், அழிச்சுப்போடுவான்!” அன்று பின்னேரமே வலி தொடங்கியது. சிரிக்க வைத்துப் பிள்ளையை வரவழைத்தவள் நான்தான் என்று மாமியார் இன்னும் சொல்கிறார்.

அடுத்த கிழமை அலுவலகத்தில் அவளுடைய மேசைக் கதிரையில் தனியே இருந்தேன். குழம்பினால் திரையைப் படமெடுத்து அனுப்புவேன். பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி ஒற்றைக் கையால் பதில் எழுதுவாள். போகப்போகக் கேள்விகள் குறைந்தன. வேலை எனக்குப் பிடித்துப்போனது, அதுதான் சங்கடம். இன்னொருத்தியின் இடத்தைக் காக்க வந்தவள் அதன்மேல் ஆசை வைக்கலாமா?

அவள் திரும்பி வந்த காலை, மேசையைத் துடைத்துவிட்டு எழுந்து நின்றேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன். அவள் என் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

“இருங்கோ மச்சாள். முதலாளியோடை போன கிழமையே கதைச்சுப்போட்டன். வேலை கூடிப்போச்சு, ரெண்டு பேரும் வேணும் எண்டன். ஓம் எண்டிட்டார்.”

பிறகு அடுத்த அறைக்குப் போய், தனக்கு ஒரு கதிரையைத் தரதரவென்று இழுத்து வந்து என் பக்கத்தில் போட்டாள்.