மேல்வீட்டுப் பிள்ளைக்கு வைத்த பேர்

"…பள்ளிக்கூடத்திலை ரீச்சருக்கு வாயிலை வராது, டொக்டருக்கு வராது, கந்தோரிலை இருக்கிறவன் கேட்ட உடனை மூஞ்சையைச் சுளிப்பான். இந்த ஊரிலை அந்தப் பேரைச் சொல்ல ஒரு நாக்கு இருந்தாக் காட்டுங்கோ. நான் பேசாமல் வைக்கிறன்!"

மேல்வீட்டு அயர்லாந்துக்காரர் இதைச் சொன்னது உடைந்த ஜெர்மனில். இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது எனக்கு அது யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்கிறது. இடம், ஜெர்மனியில் ஹம் நகரில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டின் கீழ்த்தளம், எங்கள் குசினி. எண்பத்தாறாம் ஆண்டு. அவருடைய மனைவியின் மடியில் முப்பத்தொரு நாள் வயதுப் பெண்பிள்ளை, இன்னும் பேரில்லாமல். சுற்றிவர என் கணவர், என் இரண்டு பிள்ளைகள், எதிர்வீட்டில் சேர்ந்து குடியிருந்த எங்கள் ஊர்ப் பெடியங்கள். அடுப்பில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குச் சொந்தக்காரி இப்போது வளர்ந்த பெண்; அவளைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை.

அந்த வீட்டில் இருந்த எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். நாங்கள் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதில் பார்த்திருந்தோம். அயர்லாந்துக்காரர் கட்டட வேலைக்கு வந்தவர். கிழமை முழுக்க வேறு ஊரில் வேலை, வெள்ளிக்கிழமைதான் வீடு. வயிற்றுப்பிள்ளையோடு அந்தப் பெண் தனியே படியேறி இறங்குவாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் அவளுக்கு ஊட்டத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் பாதி, கடையில் பொறுக்கிய ஜெர்மன் பாதி, மிச்சத்துக்குக் கை இருக்கிறதே. பெடியங்களைப் பார்த்து அவளும் என்னை 'அக்கா' என்றே கூப்பிட்டாள்.

அவள் செய்த ஒரு பிழையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். நான் என் கணவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இஞ்சாருங்கோ', இங்கே பாருங்கோ, என்பேன். அவள் அதைத்தான் அவருடைய பேர் என்று எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் மேலே குழாய் பழுதாக, படியின் உச்சியில் நின்று, "இஞ்சாருங்கோ!" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டாள். எதிர்வீட்டுப் பெடியன் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "அண்ணை, இப்ப மேலையிருந்தும் ஒரு இஞ்சாருங்கோ கேக்குது. அக்காவுக்குத் தெரியுமோ?" என்றான். இவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் குறடை எடுத்துக்கொண்டு போய்த் திருத்திக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் நான் அவளை இருத்தி, மரியாதைக்காகப் புருஷன் பேரைச் சொல்லமாட்டோம் என்று விளங்கப்படுத்தினேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"என்ரை மனுசனும் ஒரு பேர் சொல்லுறேல்லை அக்கா. என்ரை அம்மாவின்ரை பேர். ஆனா அது மரியாதையிலை இல்லை."

அவளுடைய தாய்க்கு இந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. கலியாணத்துக்கு வரவில்லை, அவரை வீட்டு வாசலில் வைத்தே திருப்பி அனுப்பியிருக்கிறா. 'உன்ரை அம்மா' என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வராது. பேச்சுவார்த்தை இல்லாமலே அந்தத் தாய் போய்ச் சேர்ந்தும் விட்டா. ஆனால் அவர்கள் பக்கத்து வழக்கம், மூத்த பெண்ணுக்குத் தாயின் தாய் பேர் வைப்பது. ஒரு கிழட்டு மலையைப் போலப் பழைய பேர் அது. "பேர் சொல்ல ஒரு பிள்ளை எண்டு எங்கடை சனமும் சொல்லும்" என்றேன். அவளுக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது.

பெண்பிள்ளையே பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்கரைத்த கறியை நான் காய்ச்சி மேலே கொண்டுபோனேன். மிளகுக் காரத்தில் கண்ணீர் ஓட ஓடச் சட்டியை வழித்தாள். பிறந்ததைப் பதிவுக் கந்தோரில் உடனே பதிந்தாயிற்று. பேருக்கு மட்டும் ஒரு மாதத் தவணை. வெள்ளிக்கு வெள்ளி மேலே சண்டை. அவர் சின்னதாய், சுகமாய் ஒரு ஜெர்மன் பேரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தத் தவணையின் கடைசி நாளும் எங்கள் முப்பத்தொன்றும் ஒன்றாய் வந்தன. முப்பத்தொன்று என்றால் எங்களுக்குத் துடக்குக் கழித்துப் பிள்ளையின் காதில் பேர் சொல்லும் நாள். "உங்கடை வீட்டிலை வைப்பம் அக்கா" என்றாள் அவள்.

வைப்பதென்றால் முறையாய் வைக்க வேண்டாமா? ஸ்டுட்கார்ட்டில் பஞ்சாங்கம் வைத்திருந்த அண்ணை ஒருவருக்கு டெலிபோன் எடுத்துப் பிறந்த நேரத்தைச் சொன்னேன். "அண்ணை, பிள்ளை அயர்லாந்துப் பிள்ளை, நட்சத்திரம் பாக்கலாமோ?"

"நட்சத்திரத்துக்கென்ன பாஸ்போட்டோ, தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு ஓர் எழுத்துச் சொன்னார். பாட்டியின் பேருக்கும் அந்த எழுத்துக்கும் ஒட்டே இல்லை. பயந்து பயந்து அவளிடம் சொன்னேன்.

"எங்கடை அம்மா நட்சத்திரம் படுக்கப் போக முன்னம் எழும்புறவ. அவ சொல்லுறதை நட்சத்திரம் கேக்கட்டும்" என்றாள்.

இப்படித்தான் அன்று குசினியில் எல்லாரும் கூடினோம். பின்னேரம் கந்தோரில் அவர்களுக்கு Termin, வரச் சொல்லிக் குறித்த நேரம். அதற்குள் அவர் தலையாட்டாவிட்டால் அந்தச் சின்ன ஜெர்மன் பேர்தான் பதிவாகும். அவள் மெல்லப் பேச்சை எடுத்தாள். அப்போதுதான் அவர் எழும்பி நின்று, ஒரு நாக்கு இருந்தால் காட்டுங்கள் என்று கத்தினார்.

அவள் பிள்ளையின் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

என் கணவர் ஊமை இல்லை. ஆனால் சபையில் வாய் திறக்கிறவரும் இல்லை. அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய், "தாங்கோ பிள்ளையை" என்று வாங்கினார். குனிந்து, வலது காதில் அந்தப் பேரை மூன்று தரம் சொன்னார். சுத்தமாகச் சொன்னார். எப்போது பழகினாரோ எனக்கே தெரியாது. பிறகு என் பிள்ளைகள் இரண்டும், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. பிறகு பெடியங்கள் வரிசையில் நின்றார்கள்.

"எங்கடை பேரைத் தூக்கிச் சுமக்கிற எங்களுக்கு இது சுண்டங்காய்!" என்றான் தலையை நீட்டிப் பகிடி விட்ட அதே பெடியன். அவனுடைய பேரை வேலைத்தலத்தில் முக்கால்வாசி வெட்டி எறிந்துவிட்டு வால் துண்டை மட்டும் வைத்துக் கூப்பிடுவார்கள். அவனுக்கு முதல்தரம் கொஞ்சம் வழுக்கியது. அவள் திருத்தினாள். திரும்பச் சொன்னான், சரிவரும் மட்டும் விடவில்லை. ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்ற எங்கள் சனம், அவ்வளவு கவனமாய் இன்னொரு நாட்டுப் பேரைத் தூக்கிப் பிடித்ததைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியாய் நான் சொன்னேன். புருஷன் பேர் சொல்லாத வாய் அந்தப் பேரைச் சொல்லக் கூசவில்லை.

பிள்ளை திரும்ப அவளிடம் போனது. அவள் எழும்பி, அதைத் தன் மனுசனுக்கு நேரே நீட்டினாள்.

"நாக்குக் கேட்டியள், காட்டியாச்சு. இனி ஒண்டுதான் மிச்சம்."

அவர் அடுப்பைப் பார்த்தார். பெடியங்களைப் பார்த்தார். சீமெந்து வெடித்த உள்ளங்கைகளைக் காற்சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்தார். பிள்ளையை வாங்கி, என் கணவர் குனிந்த மாதிரியே குனிந்து, வலது காது எது என்று ஒருமுறை தேடி, மாமியாரின் பேரைச் சொன்னார். முதல் தரம் பிள்ளைக்கு மட்டும் கேட்டிருக்கும். மூன்றாம் தரம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.