மைக் துளையில் பசை

அக்கா தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு பிரான்சுக்குப் போன அன்று, அப்பா பத்துப் பேர் கேட்கக் கடற்கரையில் நின்று சொன்னார்: "அவகிட்ட ஒரு வார்த்த பேசினேன்னா அப்புறம் நான் கடல்ல எறங்க மாட்டேன்." எங்கள் பட்டினச்சேரியில் கடலைச் சாட்சி வைத்துச் சொன்னதை யாரும் மீறுவதில்லை.

மறு வருஷம் ஊருக்கு வந்த ஒருவரிடம் அக்கா, அப்பாவுக்கென்று ஒரு போன் கொடுத்தனுப்பினாள். சிம் கிடையாது, வீட்டு வைஃபையிலேயே பேசலாம். அது அடித்தால் அப்பா முறைத்துக்கொண்டே எடுப்பார். எடுத்ததும் வலைக் குவியல் கிடக்கும் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

"எடுக்குறாங்கம்மா, ஆனா மூச்சுச் சத்தம்கூட கேக்கல," என்று அம்மாவின் செல்லில் அக்கா அழுதாள். "ரிப்பேரான்னு தம்பிய பாக்கச் சொல்லேன்."

தம்பி நான். ஏழாம் வகுப்பு. அக்காவையே அஞ்சாவதோடு நிறுத்திவிட்ட வீட்டில் அது ஏறக்குறைய இன்ஜினியர் பதவி.

அப்பா கடலுக்குப் போயிருந்தபோது போனைக் கழற்றினேன். பேட்டரி வீங்கவில்லை. அதற்கடியில் பச்சை அட்டை, அதில் எறும்பு மொய்த்ததுபோலக் கறுப்புச் சில்லுகள். ஓரமாக வளைந்து ஓடிய மெல்லிய செம்புப் பட்டைதான் வைஃபையைப் பிடிக்கும் ஆன்டெனா. மேலே காசு அளவில் ஸ்பீக்கர். கீழே, ரப்பர் குல்லா போட்டு, உளுந்து அளவில் மைக். எதிலும் பழுதில்லை. ஆனால் மைக்குக்கு நேராக உறையில் இருந்த துளையை, பைபர் படகில் விரிசல் அடைக்கிற பசை இறுகி மூடியிருந்தது. படகுக்குப் பூசிய கையோடு போனை எடுத்திருக்கிறார்! ஊக்கால் சுரண்டி எடுத்தேன்.

சாயங்காலம் போன் அடித்தது. என் வெற்றியைப் பார்க்க வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பா காதில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்: "குளுருதா புள்ள? அங்க வஞ்சிரம்லாம் கெடைக்குதா? ஒம் புருஷன் மீன் திங்கிறானா, இல்ல ரொட்டியேதானா?"

 அந்தப் பக்கமிருந்து "அப்பா!" என்ற கூச்சல் எனக்கே கேட்டது. கெளுத்தி முள் குத்தியவர்போல அப்பா போனை வலைமேல் போட்டார்.

"மைக் அடைச்சிருந்திச்சுப்பா. நான்தான் சரி பண்ணேன்!" என்று ஓடிப்போய் நின்றேன். தட்டிக்கொடுப்பார் என்று பார்த்தேன். அவர் கடல் இருக்கும் பக்கம் திரும்பினார்.

மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. கூடப் படகில் போகிற மாமா வாசலில் நின்று, "என்ன மச்சான், மாப்ள முறுக்கா? வாங்க!" என்று கேலி செய்தார். "ஒடம்பு முடியல," என்றார் அப்பா. அந்த வாரம் முழுக்க முடியவில்லை. வீட்டில் ரசம்தான். நான் மாத்திரை வாங்கிவந்து கொடுத்தேன். கடைசியில் அம்மா ஒருநாள் கரைக்குப் போய், கடலைப் பார்த்துச் சூடம் ஏற்றி, விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் அப்பா எழுந்து படகுக்குப் போனார். மாத்திரை கேட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த முறை போனைப் பார்த்தால், அதே துளையில் அதே பசை. இந்தத் தடவை விரல் ரேகை தெரிந்தது. ஊக்கை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடா. அது அப்படியே இருக்கட்டும்."

அக்காவிடம் செல்லில் சொன்னாள்: "அப்பாவுக்கு நல்லாக் கேக்குது. நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இரு."

அன்று சாயங்காலம் கொல்லைப்பக்கம் அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. மைக் என்றால் என்ன, அது எதற்கு இருக்கிறது என்று படிக்காத அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.