பரசுராமன் பிரித்த பத்தாண்டுகள்

எண்பத்திரண்டில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேசட் பதிவுக் கடை வைத்தபோது, ராக் இசை என்று ஒன்று இருப்பதே பரசுராமனுக்குத் தெரியாது. ஆசிரமத்துக்கு வந்து ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் சுமையைக் குறைக்கத் தங்கள் கேசட்டுகளைக் கொடுத்துவிட்டு, பக்திப் பாட்டு பதிந்து வாங்கிப் போனார்கள். போட்டுக் கேட்டுக் கேட்டே அவருக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஆங்கிலம் படிக்க வராது. கேசட் கைக்கு வந்த ஆண்டை அதன் மேல் எழுதி, எண்பதுகள், தொண்ணூறுகள் என்று இரண்டு அலமாரிகளில் அடுக்கினார்.

"எண்பதுல பாட்டுக்கு உசுரு இருந்துச்சு. தொண்ணூறுல கத்தல்தான் ஜாஸ்தி" என்பது அவர் தீர்ப்பு.

2002இல் செங்கம் சாலை காபிக் கடைக்காரர், சனிக்கிழமை வெள்ளைக்காரர்களுக்குப் பாட்டுப் போட்டு அந்தத் தீர்ப்பைச் சொல்லச் சொன்னார். பரசுராமன் புதுச் சட்டையே தைத்துவிட்டார். அதற்கு முந்தின நாள், ஆறு ஆண்டு வெளிநாடெல்லாம் சுற்றித் திரும்பியிருந்த வேங்கிக்கால் சிந்துஜா கடைக்கு வந்தாள். பள்ளி நாட்களில் இங்கேதான் பாட்டுப் பதிந்து வாங்குவாள். மறுநாள் பேசப்போவதை இரண்டு கேசட்டைக் காட்டி அவளிடம் பேசிப் பார்த்தார். அவள் அட்டையின் பொடி எழுத்தைப் படித்தாள்.

"அண்ணா, இன்னா இது? ரெண்டும் ஒரே குழு பாடுனது. ரெண்டும் அறுபத்தொம்பதுல வந்தது!"

"எனக்கு இது எண்பத்தஞ்சுல வந்துச்சு, அது தொண்ணூத்தி மூணுலம்மா."

"உங்களுக்கு வந்துச்சு. உலகத்துக்கு எப்ப வந்துச்சு?"

பரசுராமனின் முகம் சுருங்கியது. நாளைக்கு அத்தனை பேர் முன்னால் சொல்லியிருந்தால்?

"மானமே போயிருக்கும். அப்ப இத்தினி வருசம் என் காதும் பொய்யா?"

"காதைக் குறை சொல்லாதீங்க. நீங்க பதிஞ்சு குடுத்த பாட்டைத்தான் லிஸ்பன்ல ஒரு வீட்டு வாசல்ல முணுமுணுத்தேன். உள்ள கூப்பிட்டுப் பத்து நாள் சோறு போட்டாங்க. மொழி தெரியாத ஊர்ல, உங்களாலதாண்ணா."

அவர் தொண்ணூற்று மூன்று என்று எழுதியிருந்த கேசட்டைப் போட்டார். கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. தொண்ணூறுன்னு நெனச்சுக்கினே கேட்டிருக்கேன்."

மறுநாள் காபிக் கடையில் பரசுராமன் தன் தப்பைத் தானே சொன்னார். கடைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னதும் சிரிப்பு வெடித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு இரண்டு கேசட்டையும் போட்டு, எது உசத்தி என்று கேட்டார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

"நீ சொல்லலேன்னா இன்னிக்கு நான் காலி" என்றார், கேட்க வந்திருந்த சிந்துஜாவிடம். "இன்னும் முந்நூறு கேசட் இருக்கும்மா. படிச்சு சொல்ல வருவியா?"

"நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு வர்றேன். டீ உங்க செலவு."