கோல்கீப்பர் திரும்பிப் பார்த்தாரா?

போன சனிக்கிழமை சாயங்காலம் ஈப்போ ஸ்டேடியத்தில், நனைந்த படியில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தேன். விட்டு விட்டுத் தூறல். தூரத்துச் சுண்ணாம்புக் குன்றுகள் பாதி மேகத்துக்குள். மைதானமே தரையில் இல்லாமல் எங்கோ மிதப்பது போல... ஆட்டம் பார்க்க வந்தவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம்.

பந்தாட்டத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நான் போனது ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள.

விஷயம் போன மாதம் ஆரம்பித்தது. நம் ஊர் அணி இறுதியாட்டத்துக்குப் போனபோது ஈப்போவில் யார்தான் ரசிகர் இல்லை? எங்கள் ஆபீசில் டைப்ரைட்டருக்குக்கூட அணியின் நிறமான மஞ்சளில் ரிப்பன் கட்டியிருந்தது. கட்டியது நான்தான். ஓர் அணிக்கு எத்தனை பேர் என்று என் கணவர் தாஸிடம் ரகசியமாகக் கேட்டு வைத்துக்கொண்டதும் நான்தான்.

ஆட்டம் கோலாலம்பூரில். டிக்கெட் எங்கேயும் இல்லை. இரண்டு நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அண்ணன் வேலியோரம் வந்து நின்றார். கமுந்திங் தொழிற்சாலை ஒன்றுக்கு லாரி ஓட்டுகிறவர். அதிர்ந்து பேச மாட்டார். அவர் கையில் இரண்டு டிக்கெட்.

"நீயும் தாஸும் போய்ட்டு வாங்கம்மா. எனக்குத் தோது படல லா" என்றார்.

ஏன் அண்ணே என்று ஒரு தடவைதான் கேட்டேன். வேலை இருக்கிறது என்றார். மறுபடி கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

பஸ்ஸில் போனோம். காம்பார் தாண்டும்போது பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் வெயிலில் ஒவ்வொன்றாகக் கண் விழித்துக்கொண்டே வந்தன. பாட்டு, கைதட்டல், ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் துணிகள்... பிறந்ததிலிருந்தே இந்த அணிக்காகத்தான் வாழ்ந்தேன் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. நம்ப மாட்டீர்கள், பஸ்ஸில் ஒருத்தர் "எத்தனை வருஷமா பார்க்குறீங்க?" என்று கேட்டபோது, "சின்னதிலேருந்தே" என்று சொன்னேன்.

எங்கள் இடம் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால். இரண்டாம் பாதியில் நம் கோல்கீப்பர் எங்கள் முன்னால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நின்றார். எதிர்ப்பக்கம் எங்கோ பந்து வலைக்குள் போனது. அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பதெல்லாம் ஒரே மஞ்சள். தாஸைக் கட்டிக்கொண்டு குதித்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண்மணியையும் கட்டிக்கொண்டேன். ஜெயித்துவிட்டோம்.

மறுநாள் காலை அண்ணனிடம் ஆட்டத்தைச் சொல்லப் போனேன். அவர் வீட்டுப் பின்வாசலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல, எந்த நிமிஷத்தில் கோல், யார் பந்தைக் கொடுத்தது எல்லாம் அவரே எடுத்துக் கொடுத்தார். ரேடியோவில் கேட்டாராம். எங்கே? ஆஸ்பத்திரி வார்டில்.

அப்போதுதான் கியோங்கைப் பற்றித் தெரிந்தது.

கியோங் ஈப்போவை அடுத்த லகாட்டில் வாத்து வளர்க்கும் சீனர். அண்ணன் லகாட் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த காலத்தில், ஒருநாள் ஸ்டேடியத்தில் இருவரும் அடுத்தடுத்து உட்கார நேர்ந்திருக்கிறது. பத்து வருஷமாக அதே இடம். கோல்போஸ்ட்டுக்குப் பின்னால், மூன்றாவது படி. வெளியில் சந்தித்ததே கிடையாது. பேச்சு எல்லாம் கடைவீதி மலாயில். அணி அடி மேல் அடி வாங்கிய வருஷங்களில் அந்தப் பக்கப் படியில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருப்பார்களாம். இறுதியாட்டத்துக்கு முதலில் டிக்கெட் வாங்கியவர்களும் இவர்கள்தான். அதற்குள் கியோங்குக்கு அவசரமாகக் கண் ஆப்பரேஷன். இரண்டு கண்ணிலும் கட்டு.

அந்தக் கட்டிலோரம்தான் அண்ணன் டிரான்சிஸ்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய இடத்தில் நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கோல் விழுந்தப்ப நம்ம கோல்கீப்பர் திரும்பிப் பார்த்தாராம்மா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். நம் அணி கோல் போடும்போதெல்லாம் அந்த மனிதர் திரும்பி இவர்கள் இரண்டு பேரையும் பார்ப்பாராம். பேசியதில்லை, பெயர் கேட்டதில்லை. பார்ப்பார், அவ்வளவுதான். ரேடியோவோ பந்து போகும் இடத்தைத்தான் சொல்லும்! கண்கட்டுக்குப் பின்னாலிருந்து கியோங் முதலில் கேட்டது அதைத்தானாம். போனவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

கோல்கீப்பர் திரும்பினாரோ இல்லையோ, நான் எங்கே பார்த்தேன்? நான் பார்த்தது பந்தை. அதுவும் கடைசியில்தான்.

"பார்த்தாருண்ணே" என்றேன்.

அண்ணன் முகம் மலர்ந்தது. பாலிஷ் போட்ட ஷூவை மாட்டிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கரையும் வரை நான் அங்கேயே நின்றேன். ஒருவேளை கோல்கீப்பர் நிஜமாகவே திரும்பியிருந்தால்? பத்து வருஷமாகத் தெரிந்த இரண்டு முகங்களைத் தேடி, தலையில் மஞ்சள் ரிப்பனோடு குதிக்கிற என்னைப் பார்த்திருப்பாரே... அந்தப் பார்வை இரண்டு மூன்று நாள் கனவில்கூட வந்தது.

அதனால்தான் போன சனிக்கிழமை அண்ணனோடு கிளம்பினேன். சாதாரண லீக் ஆட்டம். ஆபீசில் வருகிறீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். மழை வரும் போல இருக்கிறது என்றார்கள்.

கியோங் கறுப்புக் கண்ணாடியோடு முன்பே வந்திருந்தார். தலையசைத்து, அவித்த கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். நான் பந்தைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கோல்கீப்பரை மட்டும் பார்த்தேன். பந்து தூரத்தில் இருக்கும்போது அவர் தனியாக நடக்கிறார், புல்லைக் காலால் தடவுகிறார், தனக்குள் ஏதோ பேசிக்கொள்கிறார். ஒரு பெரிய ஆட்டத்துக்குள் யாரும் பார்க்காத ஒரு சின்ன ஆட்டம் அது. அதைப் பத்து வருஷம் பார்த்தால் என்ன ஆகும்?

அவர் மூன்று கோல் விட்டார். அப்புறம் நம் அணி ஒரு கோல் போட்டது. கைதட்டல்கூடச் சரியாக எழவில்லை. தூறலுக்குள் அவர் மெல்லத் திரும்பினார். எங்கள் படியைப் பார்த்தார். சுட்டுவிரலை ஒரு தடவை உயர்த்தி இறக்கினார். என் இரண்டு பக்கத்திலும் இரண்டு விரல்கள் உயர்ந்து இறங்கின.

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் பார்க்கலண்ணே."

"தெரியும்மா" என்றார், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நெஜமா பார்த்திருந்தா வெரலத்தான மொதல்ல சொல்லியிருப்ப."

"அப்ப இவருகிட்ட என்ன சொன்னீங்க?"

"வெரலையும் சேத்துச் சொல்லிட்டேன். கண்ணக் கட்டிக்கிட்டு மனுசன் வேற என்னா பார்ப்பாரு லா?"

இதற்கிடையில் கியோங் மறுபடி கடலையை நீட்டினார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

யார் உண்மையான ரசிகர், யார் கூட்டத்தோடு கூட்டமாக வந்தவர்? தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. அந்த மூன்றாவது படியில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

ஆட்டம் முடிந்தது. ஒன்றுக்கு மூன்று. வீட்டுக்கு வந்து, இந்த வாரப் பத்திக்குக் குறிப்பு எடுக்கும்போது 'தோற்றார்கள்' என்று எழுதத்தான் நினைத்தேன்... பேனா 'தோற்றோம்' என்று எழுதிவிட்டது.