ஜன்னலில் கட்டிய ஹாரன்

என் குவார்ட்டர்ஸ் ஜன்னல் கம்பியில் ஒரு ரப்பர் ஹாரன் கட்டியிருக்கிறது. பித்தளைக் குழல், அதன் முனையில் கறுப்பு ரப்பர் உருண்டை. உருண்டையை அமுக்கினால் 'பாம்' என்று கத்தும், பழைய லாரிகளில் இருந்த வகை. என்னிடம் வண்டி கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. எப்போதாவது வீட்டுக்கு வருகிற ஆட்கள் முதலில் ஹாரனைப் பார்ப்பார்கள், அப்புறம் வாசலில் வண்டியைத் தேடுவார்கள், கடைசியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். தனியாக இருந்து இருந்து எஸ்டேட் ரைட்டருக்கு மறை கழன்றுவிட்டது என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை மறுக்கப் போனதில்லை. மறுத்தால் ஹாரனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

அதைக் கட்டியவர் என் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர். ஏற்காடு டவுனில் ஒரு பேக்கரிக்கு லைன் போய்க்கொண்டிருந்தார். பைக்கின் பின்னால் பெரிய தகரப் பெட்டியைக் கட்டி, அதில் ரொட்டியும் பன்னும் வர்க்கியும் அடுக்கி, மஞ்சக்குட்டை, கொட்டச்சேடு என்று சுற்றிவிட்டுச் சாயங்காலம் நாகலூர் வழியாகத் திரும்புவார். என்னை இந்தக் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அக்கா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. எனக்குக் கல்யாணம் தகையவில்லை. ஜாதகம், சம்பளம், மலைமேல் வேலை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னார்கள், பிறகு நானே கேட்பதை விட்டுவிட்டேன். அக்காவும் போய், அவர்களுடைய ஒரே பெண்ணும் சேலத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகு, மலையில் நாங்கள் இரண்டு ஆண்கள் மிஞ்சினோம். இரண்டு பேருக்கும் சோறு வடிக்கத் தெரியும், துக்கம் பேசத் தெரியாது. அதற்குப் பதிலாக அவர் தினமும் சாயங்காலம் என் வாசலில் வண்டியை நிறுத்தி, விற்காமல் மிஞ்சிய பன்னில் இரண்டை எடுத்து வைப்பார். நான் காபி போடுவேன். முதல் மடக்குக் குடித்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "காப்பித் தோட்டத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு இத்தன மட்டமான காப்பி குடிக்கற ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான் மாப்ளே" என்பார். ஆனால் டம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டார்.

என் குவார்ட்டர்ஸ் ஒரு வளைவை ஒட்டி இருக்கிறது. நாகலூர்ப் பக்கமிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு, வளைவைத் திரும்பினால்தான் வீடு தெரியும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியுமாக அடைத்துக்கொண்டு நிற்கும். மஞ்சு என்று நாங்கள் சொல்கிற மூடுபனி இறங்கிவிட்டால் விளக்கைப் போட்டும் பிரயோஜனம் இல்லை. அதனால் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிப்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் பழக்கம். மச்சான் அதோடு நிற்க மாட்டார். ஹாரன் அடித்ததும் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பார். எதிரில் ஹாரன் கேட்டால், ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நிற்பார். கேட்காவிட்டால்தான் வளைவில் நுழைவார். "ஆரன் குடுத்தா மட்டும் பத்தாது மாப்ளே, காதையுங் குடுக்கோணும். பதிலு வரலீன்னா வழி நம்முளுது" என்று அடிக்கடி சொல்வார். அத்தனை வருஷம் மலையில் வண்டி ஓட்டி, கையில் ஒரு சிராய்ப்பு வாங்கியதில்லை அந்த மனிதர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ரப்பர் ஹாரன் வந்தது விளையாட்டுக்கு. சேலத்தில் பழைய சாமான் கடையில் பார்த்து வாங்கி வந்து, அவரே ஜன்னலில் கம்பி சுற்றிக் கட்டினார். "ஊட்டுல ஆளு இருக்குதா இல்லையான்னு எனக்கும் தெரியோணுமில்ல" என்றார். அன்றிலிருந்து வளைவுக்கு அப்பால் அவருடைய ஹாரன் கேட்கும், சளி பிடித்த தொண்டை மாதிரி ஒரு கரகரப்பு. நான் ஜன்னலுக்கு ஓடி ஒரு தடவை 'பாம்' என்று அமுக்குவேன். அவர் அங்கேயே வண்டியை நிறுத்திவிடுவார். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுகிற மாதிரி மரியாதையாகக் காத்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தபடியே கத்துவார்: "ஏனுங்க மாப்ளே, பஸ்ஸுங்களா, லாரிங்களா? இன்னும் ஏறி வரலீங்களே!" எனக்கு அந்த 'ங்க' போட்ட கிண்டலைக் கேட்கத்தான் நாள் முழுக்கக் காத்திருந்த மாதிரி இருக்கும். கிழட்டு வயதில் இரண்டு ஆம்பிளைகள் இப்படி விளையாடியதை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். பார்க்க யாரும் இல்லாத இடம் அது. நாங்களும் ஒருநாளாவது அந்த விளையாட்டை விட்டதில்லை.

அவர் விழுந்தது மலையில் இல்லை. சேலத்தில், சப்பட்டையான நேர் ரோட்டில், பட்டப்பகலில். பெண்ணைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு பேரும் கிளம்பினோம். தோட்டத்துப் பலாப்பழம் ஒன்றைச் சாக்கில் கட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, அதைக் கட்டிப் பிடித்தபடி நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் பூப்போல இறக்கிக்கொண்டு வந்தார். டவுனுக்குள் நுழைந்து, புது பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் கூட்டம் நெரிந்தது. எங்களுக்கு வலது பக்கம் ஒரு வெள்ளைக் கார் போய்க்கொண்டிருந்தது. அதை ஒட்டிப் போகும்போது மச்சான் வழக்கம்போல ஹாரன் அடித்தார், வழக்கம்போலக் கொஞ்சம் வேகத்தையும் குறைத்தார். அந்தக் காருக்கு இடது ஓரத்தில் ஒரு துணிக்கடை வாசலில் காலி இடம் தெரிந்திருக்கிறது. இண்டிகேட்டர் இல்லை, கை இல்லை, திரும்பிப் பார்த்தலும் இல்லை. அப்படியே எங்கள் மேல் ஒடித்துவிட்டான். நான் பலாப்பழத்தின் மேல் விழுந்தேன், அதனால் முழங்கையோடு போயிற்று. மச்சான் நடைபாதைக் கல்லில் இடது பக்கத் தலை மோத விழுந்தார். தலையில் ஹெல்மெட் இருந்தது, காது வரைக்கும் மறைக்காத ரகம்.

காரை ஓட்டியவன் சின்னப் பையன். இறங்கி ஓடிவந்தான், தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "பாக்கலீங்க சார், பாட்டு ஓடிட்டு இருந்துச்சுங்க, ஆரன் கேக்கலீங்க" என்று அழாத குறையாகச் சொன்னான். மச்சான் ரோட்டில் கிடந்தபடி அவனைத் திட்டவில்லை. காதிலிருந்து ரத்தம் வழிய, "ஆரன் அடிச்சனே தம்பி, ஆரன் அடிச்சனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் கெட்டவன் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தான், அவன் அப்பாவும் வந்து கும்பிட்டார். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அவன்மேல் எனக்கு இருந்த ஆத்திரம் இன்றுவரை தணியவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "யானைக்கும் அடி சறுக்குமுங்க" என்று ஆறுதல் சொன்னார்கள். இங்கே யானை எங்கே சறுக்கியது? பாட்டுக் கேட்டுக்கொண்டே வந்து யாரோ தள்ளிவிட்டார்கள்.

பலாப்பழம் எங்களோடு ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தது. யார் தூக்கி வைத்தார்களோ தெரியாது. கட்டிலுக்கு அடியில் கிடந்து பழுத்து, வார்டு முழுக்க மணம் எழும்பி, நர்ஸம்மா வந்து சத்தம் போட்ட பிறகுதான் எங்களுக்கு ஞாபகமே வந்தது. மச்சானுக்கு இடது காது முழுசாகப் போய்விட்டது. வலது காதும் பழைய மாதிரி இல்லை, எப்போதும் ஒரு இரைச்சல் என்றார். கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்ட வேண்டாம் என்று இளவயது டாக்டர் சொன்னதற்கு, "காதுலயா சாமி வண்டி ஓட்டறாங்க? கையிலயும் காலுலயுந்தான்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பெண் வீட்டில் படுத்திருந்த அந்த மாதங்களில்தான் சாயங்காலம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது. காபிப் பழம் பறிக்கும் காலம் அது. பகலெல்லாம் ஆட்கள், எடை, சத்தம் என்று ஓடிவிடும். எல்லோரும் இறங்கிப் போனதும் வீட்டுக்குள் நானும் அடுப்பும்தான். பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டு, ஒன்றை ஆறவைத்துக் குடிப்பேன். வளைவில் ஏதாவது ஹாரன் கேட்டால் எழுந்துவிடுவேன். கரகரப்பு இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிடுவேன். மனிதர்களோடு பேசாமல் இருப்பது எனக்குப் பெரிய கஷ்டமில்லை, அது பழகியதுதான். ஒரு ஆள் வருவார் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் விளக்கைப் போடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் திரும்பி வரப்போவது எனக்கு முன்பே தெரியும், போக வேண்டாம் என்று அவரோடு சண்டை போட்டதைப் பெண் போனில் சொல்லி அழுதிருந்தாள். "ஊடு மலையில இருக்குது, நான் இங்க என்னத்தப் பண்றது" என்று ஏறி வந்துவிட்டார். பேக்கரிக்காரர்களும் பழைய லைனையே கொடுத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் பால் வாங்கி, இருப்பதிலேயே நல்ல காபித்தூளை எடுத்து வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். வளைவுக்கு அப்பால் அந்தக் கரகரப்பு கேட்டது. உருண்டையை அமுக்கினேன், 'பாம்'. வண்டிச் சத்தம் தணிந்ததே தவிர நிற்கவில்லை. மறுபடி அமுக்கினேன். மூன்றாவது தடவை இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினேன். மச்சான் வளைவைத் திரும்பி நேராக வந்து வாசலில் நிறுத்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "என்ன மாப்ளே, தூங்கிப்போட்டயா? நின்னு நின்னு பாத்தேன், பதிலையே காணோமே!"

பன்னை எடுத்து வைத்தார், காபி குடித்தார், இன்றைக்கு நொம்ப நல்லா இருக்குது என்று அதிசயமாகப் பாராட்டினார், லைனில் யார் யார் விசாரித்தார்கள் என்று சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஹாரன் அடித்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சாயங்காலங்கள் எனக்குத் திரும்பக் கிடைக்கும். ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு வளைவில், எதிரில் வருகிறவன் ஹாரன் அடிப்பான், இவர் பதில் வரவில்லை என்று உள்ளே நுழைவார். சொல்லிவிட்டால் அவர் உயிரோடு இருப்பார், இங்கே இருக்க மாட்டார். இதை எடைபோட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை, வாயைத் திறக்கத்தான் நேரம் ஆயிற்று. அவர் எழுந்து போய் வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகிய பிறகு, வலது பக்கமாகப் போய் நின்று சொன்னேன்.

"மச்சான், நான் அடிச்சனுங்க."

"என்னத்த?"

"ஆரன். மூணு தடவ அடிச்சனுங்க."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். நான் உள்ளே போய் ஒரு தடவை அமுக்கிக் காட்டினேன். தலையைச் சாய்த்து வலது காதைத் திருப்பிக் கேட்டார். மறுபடி அமுக்கச் சொன்னார், அமுக்கினேன். வண்டியிலிருந்து இறங்கினார். பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு, "அந்தப் பையனாட்டம் ஆயிப்போச்சா மாப்ளே நம்ம கதை" என்றார். சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, டவுனுக்குப் பஸ் இருக்கிறதா என்று கேட்டார். பஸ் வரும்வரை ரோட்டோரத்தில் இருவரும் நின்றோம். அவர் ஏறும்போது மட்டும் என் தோளை ஒருமுறை அழுத்திப் பிடித்தார். என்மேல் அவருக்குக் கோபமில்லை என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன்.

அவருடைய மருமகன் ஒரு நாள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மச்சானும் வீட்டைக் காலி செய்து சேலத்துக்கு இறங்கிவிட்டார். ரொட்டி இப்போது பேக்கரி வேனில் வருகிறது. பெண் வீடு மெயின் ரோட்டை ஒட்டிய மாடி. நான் போகும்போதெல்லாம் பால்கனியில் நாற்காலி போட்டு, கீழே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அத்தனை ஹாரன் சத்தம் எனக்குத் தலையைப் பிளக்கும், அவர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை கீழே கை காட்டி, "எல்லாரும் அடிக்கறாங்க மாப்ளே. ஒருத்தனாச்சும் நின்னு கேக்கறானா பாரு" என்றார். போனில் பேசும்போது வலது காதில் வைத்துக்கொண்டு, தன் குரலே தனக்குக் கேட்காததால் கத்துவார். பேசுவதற்கு அதிகம் இருக்காது. "ஆரன் இருக்குதா?" என்று கேட்பார். இருக்குதுங்க என்பேன். போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

ரப்பர் வெடித்துவிடாமல் அவ்வப்போது விளக்கெண்ணெய் தடவி வைத்திருக்கிறேன், ஹாரன் இன்னும் வேலை செய்கிறது. வளைவில் இப்போது வண்டிகள் அதிகம். சுற்றுலா வருகிறவர்கள் அடித்த ஹாரன் அடங்குவதற்குள் திரும்பிவிடுகிறார்கள், சிலர் அடிப்பதே இல்லை. போன வாரம் சாயங்காலம் மஞ்சு இறங்கியிருந்தது. காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். வளைவுக்கு அப்பால் ஒரு பைக் ஹாரன் கேட்டது. கரகரப்பு இல்லை, யாரோ. ஆனால் ஹாரன் அடித்த கையோடு வண்டிச் சத்தம் தணிந்தது. அந்த ஆள் காது கொடுக்கிறார். மச்சானுக்குப் பிறகு இந்த வளைவில் அப்படி நின்று கேட்ட ஒருவரை அன்றுதான் கண்டேன், கண்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, மஞ்சில் ஒன்றும் தெரியவில்லை. என் கை அதுவாகவே ஜன்னலுக்குப் போய் ரப்பர் உருண்டையைப் பிடித்துவிட்டது. அமுக்கினால் அவர் அங்கேயே நிற்பார். வராத வண்டிக்காக ஓரம் ஒதுங்கிக் காத்துக்கொண்டிருப்பார். காத்திருந்துவிட்டு, பஸ்ஸுங்களா லாரிங்களா என்று கேட்க அவருக்குத் தெரியாது. கையை மெல்ல எடுத்துக்கொண்டேன். பதில் வரவில்லை, வழி தன்னுடையது என்று தெரிந்துகொண்டு, அவர் வளைவைத் திரும்பி என் ஜன்னலைக் கடந்து போனார்.